மதினிக்குச் செய்த சத்தியம்

ஒருத்தர் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் போதும், கோழி அரிசியைப் பொறுக்குகிற மாதிரி மதினி அதைப் பொறுக்கிக்கொள்வாள். அப்புறம் தலைகீழாக நின்றாலும் திருப்பித் தர மாட்டாள்.

எங்கள் தெருவில் வலை முடைகிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். ஆசையாக ஒரு சேவல் வளர்த்தார். மதினி ஒருநாள் அந்த வழியாகப் போகும்போது நின்று பார்த்து, "கொண்டை என்ன செவப்பு செவந்திருக்கு!" என்றாள். அந்த மனுசர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "பிடிச்சிருந்தா ஈஸ்டருக்குப் பிடிச்சிட்டுப் போயேன்" என்று சொல்லிவிட்டார். ஈஸ்டர் அன்று காலையில் அவர் வேட்டி உடுத்தி வெளியே வருகிறார், மதினி வாசலில் நிற்கிறாள், கையில் கயிறு.

"ஏளா, நான் வெளையாட்டுக்குல்லா சொன்னேன்."

"வெளையாட்டுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும் அண்ணாச்சி. நாப்பது நாளு நான் அதை என் சேவலாத்தான் பாத்திட்டுப் போயிருக்கேன். இப்ப கேட்டா எப்படி?"

பிடித்துக்கொண்டு போய்விட்டாள். தின்னவும் இல்லை. கோயிலில் கொண்டுபோய் ஏலத்துக்கு விட்டாள். அந்த அண்ணாச்சியே கூட்டத்தில் நின்று கேட்டு, தன் சேவலைத் தானே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தெரு சிரித்தது. மதினி சிரிக்கவில்லை. அவளுக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை.

அவள் எனக்குக் கூடப்பிறந்தவன் பெண்டாட்டி இல்லை. யாருக்குமே இல்லை. தெருவுக்கே மதினி, அவ்வளவுதான். நெட்டையாக, பனைமட்டை போல ஒல்லியாக இருப்பாள். கக்கத்தில் எப்போதும் ஒரு ஓலைப்பெட்டி. அதற்குள் துணி சுற்றி ஒரு சாண் உயரத்தில் மாதா சுரூபம். அவளிடம் யாராவது எதையாவது சொல்லி, அது கொஞ்சம் பெரிய பேச்சாக இருந்தால், பெட்டியைத் திறந்துவிடுவாள். "தொட்டுச் சொல்லு."

எங்கள் ஆம்பிளைகள் அப்போது சங்கு குளிக்கப் போனார்கள். முத்துக்குளிப்பெல்லாம் நின்றுபோயிருந்தது. கல்லைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குகிறவனுக்கு இடுப்பில் ஒரு கயிறு, மேலே வள்ளத்தில் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். வீட்டில் இருக்கிற பெண்களிடம் மதினி ஒன்று சொல்வாள்: "கீழ மூச்சடக்கிக் கெடக்கவனுக்கு, மேல கெடக்கவ நாக்குதான்ளா கயிறு. நீ சத்தியம் தப்பினேன்னா அங்கன அறுந்துரும்." இதைக் கேட்ட பிறகு எவளுக்குத் துணிச்சல் வரும்? புருசன் திரும்பி வருகிறவரைக்கும் நாங்கள் அதிகம் பேசக்கூட மாட்டோம்.

அவள் புருசன் அப்படித்தான் போனான் என்பது அவள் நம்பிக்கை. வெள்ளியில் ஒரு நங்கூரம் செய்து மாதாவுக்குப் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டானாம். அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று தள்ளினான். ஒரு மாசி மாதம் இறங்கினவன் வெறும் கயிறாகத்தான் மேலே வந்தான். அவனுக்காக அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். "சொன்னதைச் செய்யலியே பாவி, சொன்னதைச் செய்யலியே" என்றுதான் அழுதாள். செத்ததைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

இதையெல்லாம் வைத்து அவள்மேல் இரக்கப்படுகிறவர்கள் படலாம். நான் படமாட்டேன். என் தங்கச்சி பிள்ளைக்கு மாந்தம் கண்டு கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் தன் முடியைத் தருவதாகத் தங்கச்சி மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். மதினி பக்கத்தில் இருந்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அடக்கம் பண்ணிவிட்டு வந்த மூன்றாம் நாள் மதினி கத்திரியோடு வந்தாள்.

"பிள்ளைதான் போயிட்டே மதினி" என்றாள் என் தங்கச்சி.

"குடுத்தாளா குடுக்கலையாங்கது மாதா பாடு. நேந்தது நீதான்ளா. குனி."

குனிந்துவிட்டாள் என் தங்கச்சி. இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தடுத்திருக்கலாம். என் புருசன் அன்றைக்குக் கடலில் இருந்தார்.

இப்படிப்பட்ட ஒருத்தியை எந்தக் கட்சிக்காரன் விடுவான்? தராசுக் கட்சிக்காரர்கள் வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. கட்சிக்கரை போட்ட சேலை ஒன்று கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு ஊத்துக்குழிக்குத் தண்ணீர் எடுக்க வருவாள். நாங்கள் மணலைத் தோண்டி, சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கோரிக் குடத்தை நிறைப்போம். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எங்களுக்கு அரசாங்கம் சொல்லிக்கொடுப்பாள்.

"ஆளைப் பாக்காதீங்களா, சின்னத்தைப் பாருங்க. ஆளு என்ன ஆளு? சட்டசபைக்குள்ள போனா தலைவர் கையத் தூக்கச் சொன்னாத் தூக்குவான், எறக்கச் சொன்னா எறக்குவான். எந்தக் கட்சிக்குக் கை கூடுதலா இருக்கோ அவன் மந்திரி. மந்திரி வைச்சதுதான் ரோடு, எடுத்ததுதான் வீடு."

"அப்ப நம்ம கை, மதினி?" என்றாள் ஒருத்தி.

"நம்ம கை அஞ்சு வருசத்துக்கு ஒருக்காத்தான். அதுக்குத்தான் விரல்ல மை வைச்சு அனுப்புதான், மறுபடி வந்துராதேன்னு."

அந்தத் தடவை நின்ற தராசு வேட்பாளர் விளாத்திகுளம் பக்கத்து ஆள். கருவாட்டு வாடை வந்தால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். "அண்ணாச்சிக்குச் சளி" என்று மதினிதான் எங்களுக்குச் சமாதானம் சொல்வாள்.

எங்களுக்கு அந்தத் தேர்தல் விளையாட்டு இல்லை. புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன. லாரி போக ரோடு வேண்டும் என்று எங்கள் தெருவுக்கு நடுவே முளைக்கம்பு அடித்துச் சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இருபத்தாறு வீடு. எல்லாம் ஓலைக்கூரை, எல்லாம் புறம்போக்கு. ஒரு வீட்டுக்கும் பட்டா கிடையாது. எந்த நாளும் கடப்பாரையோடு வருவான் என்று நாங்கள் சட்டிபானையைக்கூடப் பரப்பி வைக்காமல் இருந்தோம். தராசுக்காரர் ஒரு பேச்சுச் சொன்னார்: "எனக்கு ஓட்டுப் போடுங்க, பட்டா வாங்கித் தாரேன். ரோடு வளைஞ்சு போகும்."

அவ்வளவுதான், மதினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். முதலில் அவரையே தொடச் சொன்னாள். மூக்கைப் பொத்தின கையை எடுத்து அவரும் தொட்டார். அப்புறம் வீடு வீடாக வந்தாள். "தராசுல குத்துதேன்னு மாதா தலையில கைய வைச்சுச் சொல்லு." ஒருத்தி விடாமல் சொன்னோம். நானும் சொன்னேன்.

மூன்று நாள் கழித்துச் சம்மாட்டி ஆள் அனுப்பினார். எங்கள் ஆம்பிளைகள் இறங்குகிற வள்ளமெல்லாம் அவருடையது. அவர் மணிக் கட்சி. மதினி தவிர எங்களை எல்லாம் கரைக்கு வரச்சொன்னார். கையில் ஆளுக்கு ஒரு பிடி உப்பைக் கொடுத்தார்.

"என் உப்பைத் திங்கிய. மணியில குத்துதேன்னு சொல்லி அலையில போடுங்க. போடாதவ வீட்டு ஆளு நாளையிலருந்து வேற வள்ளம் பாத்துக்கிடட்டும். ஜெயிச்சா பட்டாவ நானே வாங்கித் தாரேன்."

எங்களுக்குத் தெரிந்து வேறு வள்ளம் கிடையாது. போட்டோம். கடலில் போட்ட உப்புச் சத்தியத்தை எங்கள் பக்கம் எவரும் மீறமாட்டார்கள். மீறினவன் வள்ளம் கரை சேராது என்பது பிறந்ததிலிருந்து கேட்கிற பேச்சு.

ஓட்டுக்கு முந்தின நாள் ஊத்துக்குழியில் ஒரே அழுகை. மாதாவுக்குத் தப்பினால் கயிறு அறும். உப்புக்குத் தப்பினால் வள்ளம் கவிழும். எதைச் செய்தாலும் சாகிறவன் ஒரே ஆள்தான். ஓட்டே போடாமல் இருந்துவிடலாம் என்றாள் ஒருத்தி. "அப்ப ரெண்டும்லா தப்பும்!" என்று இன்னொருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

எனக்குப் படிப்பு ஞானோபதேசப் புத்தகத்தோடு சரி. ஆனாலும் மூளை எனக்குத்தான் வேலை செய்தது. இதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வேன்.

"எதுக்குளா அழுதிய? மாதா தலையில கைய வைச்சு என்ன சொன்னோம்? தராசுல குத்துதேன்னு. உப்பைப் போட்டு என்ன சொன்னோம்? மணியில குத்துதேன்னு. வேற ஒண்ணுல குத்தமாட்டேன்னு யாராவது சொன்னோமா?"

எல்லாரும் சிரட்டையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"ரெண்டுலயும் குத்திருவோம். ரெண்டு சத்தியமும் நெறஞ்சிரும்."

அப்படி ஒரு நிம்மதி அவர்கள் முகத்தில். ஒருத்தி என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். மதினி மட்டும் அங்கே இல்லை. அவள் தராசுக்காரரோடு ஜீப்பில் போயிருந்தாள். இருந்திருந்தாலும் அவளிடம் சொல்லியிருக்கமாட்டோம்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் போய் வரிசையில் நின்றோம். விரலில் மை வைத்தார்கள். தட்டி மறைப்புக்குள் போய் ரப்பர் முத்திரையைத் தராசில் ஒரு குத்து, மணியில் ஒரு குத்து. சீட்டை மடித்துப் பெட்டியில் போடும்போது, மாதாவே, நீயும் சாட்சி, கடலும் சாட்சி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மதினி வாசலில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்று, வெளியே வருகிற ஒவ்வொருத்தியையும் கண்ணால் கேட்டாள். ஒவ்வொருத்தியும் தலையை ஆட்டினோம். பொய்யில்லை.

இரண்டு குத்து விழுந்தால் அந்த ஓட்டு யாருக்கும் இல்லை, செல்லாத சீட்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மதினி சொல்லிக்கொடுத்த பாடத்திலும் அது இல்லை. ஒருத்தி இரண்டில் குத்துவாள் என்று அவள் கனவிலும் நினைக்காதவள்.

மணி ஜெயித்தது. கொஞ்ச ஓட்டில்தான். செல்லாத சீட்டுக் கட்டு அதைவிடப் பெரிதாம். அப்போது எல்லாப் பெட்டியையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து எண்ணினார்கள். அதனால் எந்தத் தெருச் சீட்டு எது என்று யாருக்கும் தெரியாது. ஓட்டு எண்ணுகிற இடத்தில் உட்கார்ந்திருந்த தராசுக் கட்சி ஆள் மதினியிடம், "கட்டுக் கட்டா ரெண்டு குத்து விழுந்த சீட்டு! எந்தக் கூறுகெட்ட சனமோ" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

விளாத்திகுளத்துக்காரர் அவளைப் போட்டுக் கிழித்தார். நீதான் மணிக்காரனிடம் கைநீட்டியிருக்கிறாய், உன் தெருப் பொம்பளைகள் ஒருத்திகூட எனக்குக் குத்தவில்லை என்று நடுத்தெருவில் வைத்துச் சொன்னார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடியும் வீடு வீடாக வந்தாள்.

"தராசுல குத்தினியா?"

"குத்தினேன் மதினி."

"தொட்டுச் சொல்லு."

தொட்டுச் சொன்னோம். இருபத்தஞ்சு வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில். என் வீட்டுக்கும் வந்தாள். நான் முழுக்கையையும் சுரூபத்தின் தலையில் அழுத்தி வைத்தே சொன்னேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. "என் தெரு சுத்தம்ளா. வேற எங்கனயோ தப்பு நடந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை விளாத்திகுளத்துக்காரரிடமும் போய்ச் சொன்னாள். அவர் ஆட்கள் சிரித்து, அந்தக் கரைச்சேலையைத் திருப்பித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு மாதம் கழித்துச் சம்மாட்டி பட்டாவுக்குப் பேர் எழுத வந்தார். தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரோடு கொஞ்சம் வளையும், ஒரு வீடு மட்டும் போனால் போதும் என்று பேச்சு. ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, "மணிதான?" என்று கேட்பார். "ஆமா சம்மாட்டி" என்றால் எழுதுவார். நாங்கள் எல்லாரும் ஆமா என்றோம். அதுவும் பொய்யில்லை. மதினி கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் முறை வந்தது.

"மதினி, நீ தராசுக்கு ஓடினது ஊருக்கே தெரியும். போகட்டும். மணியில குத்தினேன்னு சும்மா ஒரு வார்த்தை சொல்லு. எழுதிக்கிடுதேன்."

எல்லாரும் கேட்க ஒரு வார்த்தை. தொடச் சொல்லவில்லை, உப்புக் கொடுக்கவில்லை. நானாக இருந்தால் பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

"குத்தல" என்றாள்.

சம்மாட்டி பேனாவை மூடினார். "அப்ப போகவேண்டிய வீடு எதுன்னு தெரிஞ்சு போச்சு."

அன்று மத்தியானம் அவள் என் குசினிக்குள் வந்து நின்றாள். நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ரெண்டுலயும் குத்தியிருக்கிய."

நான் மீனைத் திருப்பிப் போட்டுச் செதிலைச் சுரண்டினேன்.

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"நான்தான்."

"செல்லாத சீட்டுளா அது. யாருக்கும் போகாது. எனக்கும் போகல, அவனுக்கும் போகல. இப்ப நான் போய் சம்மாட்டிட்டச் சொன்னா, உங்க பேரு பூராவும் அடிச்சுருவான்."

அப்போதுதான் எனக்குத் தெரியும், நாங்கள் குத்தினதெல்லாம் குப்பை என்று. ஆனாலும் அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சொல்லுங்க மதினி. இருபத்தஞ்சு வீடும் போகட்டும். அதோட உங்க வீடு நின்னுருமா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது அன்றைக்குத்தான் இரண்டாவது தடவையாகப் பார்க்கிறேன். "என் வீட்டையும் எழுதச் சொல்லுளா. அந்த மனுசன் வாழ்ந்த வீடு" என்றாள்.

"நான் சொல்லுதேன். என் வீட்டுக்காரர்தான் அவர்ட்ட முதல் குளியாளு. என் பேச்சைச் சம்மாட்டி கேப்பாவ. ஆனா நீங்க இதை யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணணும்."

மீன் செதில் ஒட்டின கையைக் கழுவிவிட்டு, அவள் பெட்டியை நானே திறந்தேன். சுரூபத்தை நானே எடுத்து அவள் முன்னால் பிடித்தேன். "தொட்டுச் சொல்லுங்க." தொட்டாள். சொன்னாள். என்னைத் தொடச் சொல்ல மட்டும் மறந்துவிட்டாள். ஊர் பூராவும் கைபிடித்துத் தொடவைத்தவள், அந்த ஒரு தடவை மறந்தாள். நான் ஞாபகப்படுத்தவில்லை.

சம்மாட்டியிடம் சொல்லக்கூடாது என்று நான் உட்கார்ந்து யோசித்து முடிவெடுக்கவில்லை. முதல் நாள் அவர் கடலுக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் எனக்கு மனசில்லை. மூன்றாம் நாள், மனசில்லாமல் இருப்பது எனக்கு ருசியாக இருந்தது. மதினி தினமும் காலையில் வந்து வாசலில் நிற்பாள்.

"சொன்னியாளா?"

"இன்னைக்குச் சொல்லுதேன் மதினி."

ஆள் நம்பிவிட்டுப் போவாள். சொன்ன சொல்லை நம்புவதைத் தவிர அவளுக்கு வேறு ஒன்றும் தெரியாது. இப்படிப் பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் கடப்பாரைக்காரர்கள் வந்தார்கள். சம்மாட்டியும் வந்தார். தெரு பூராவும் கூடி நின்றோம். அவள் பாயையும் பானையையும் ஓலைப்பெட்டியையும் வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டு பேர் கூரைமேல் ஏறினார்கள். மதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஏளா, சொல்லுதேன்னு சொன்னல்லா?"

சம்மாட்டி மூன்றடி தள்ளித்தான் நின்றார்.

"நான் என்ன சொன்னேன் மதினி?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சம்மாட்டியைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. இருபத்தஞ்சு வீட்டுப் பெண்களும் அந்த வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். என் பக்கத்தில் நின்றவள் என் முழங்கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்தாள்.

"என்ன மதினி, என்னமோ சொல்ல வந்தே?" என்றார் சம்மாட்டி.

அவள் கண் வெளியே கிடந்த ஓலைப்பெட்டிக்குப் போய் வந்தது.

"ஒண்ணுமில்ல. நாக்கு வறண்டு போச்சு. கொஞ்சம் தண்ணி கேக்கலாம்னு வந்தேன்."

மேலே ஓலையைப் பிரித்து எறிந்தார்கள். தூசி எங்கள் தலையிலெல்லாம் விழுந்தது. இருபத்தஞ்சு வீட்டிலும் குடம் நிறைந்து இருந்தது. ஒருத்தி அசையவில்லை.